ஸ்டார் ட்ரெக்கை விட்டு ஆட்கள் ஏன் போனார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கம் பல வருடம் கேபிள் தொழில் செய்தவன் நான். தொழிலை விட்டாயிற்று, விண்வெளித் தொடர்கள் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. உச்சிப்புளியில் இருந்து கீழக்கரை வரை இதே கிறுக்குப் பிடித்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். எங்கே சந்தித்தாலும் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வரும்: அவ்வளவு பெரிய ஸ்டார் ட்ரெக்குக்கு ஆள் எப்படிக் குறைந்தது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது சுலபம் என்று தோன்றியது.

நான் ஒரு எபிசோடு கூடப் பார்த்ததில்லை. முதலில் அது என்ன?

அமெரிக்கத் தொடர். உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. 1966 செப்டம்பரில் என்பிசி சேனலில் தொடங்கியது. எண்டர்பிரைஸ் என்றொரு விண்கப்பல், அதில் கேப்டன் கர்க், காது நீண்ட ஸ்பாக், டாக்டர் மெக்காய். வாரம் ஒரு கிரகம், வாரம் ஒரு சிக்கல். மூன்று சீசன், 79 எபிசோடு, 1969 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். மனிதன் நிலாவில் கால் வைத்தது அடுத்த மாதம்.

பிறகு மறுஒளிபரப்பில்தான் அதற்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. எண்பதுகளில் நம் தூர்தர்ஷன்கூட அதைக் காட்டியது. 1987-ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்', 1993-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்', 1995-ல் 'வாயேஜர்' என்று வரிசையாக வந்தன. மூன்றும் ஏழு ஏழு சீசன் ஓடின. 2001-ல் வந்த 'எண்டர்பிரைஸ்' நான்கு சீசனோடு 2005-ல் நின்றது. அப்புறம் தொலைக்காட்சியில் பன்னிரண்டு வருடம் ஒன்றும் இல்லை. 2017-ல் 'டிஸ்கவரி'யோடு மறுபடி ஆரம்பித்தார்கள்.

ரசிகர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்கிறார்களே?

கோபித்துக்கொள்கிறவர் போவதில்லை. இது கேபிள் தொழிலில் முதல் வருடமே தெரிந்துவிடும். "படம் புள்ளி புள்ளியா வருது, காசு மட்டும் கரெக்டா வாங்குறீங்க" என்று வாசலில் நின்று கத்துகிற வீடு பத்து வருடம் கனெக்‌ஷன் வைத்திருக்கும். போகிற வீடு சத்தம் போடாது. "இந்த மாசம் வேண்டாண்ணே, ஊருக்குப் போறோம்" என்பார்கள். ஊரில் இருந்து திரும்பி வந்த பிறகும் கூப்பிட மாட்டார்கள். டிவி இல்லாமலே அந்த மாதம் ஓடிவிட்டது என்று அவர்களுக்கே தெரிந்து போயிருக்கும்.

2019 பிப்ரவரியில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதுக் கட்டண முறையைக் கொண்டுவந்தது. எந்தக் கட்டணச் சேனல் வேண்டும் என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும் என்று ஆனது. எங்கள் பக்கம் ஆங்கிலச் சேனல்களை யாரும் திட்டவில்லை, புகார் சொல்லவில்லை. கேட்டால்தான் வரும் என்றார்கள், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டார் ட்ரெக்குக்கும் நடந்தது பெரும்பாலும் இதுதான் என்பது என் கட்சி. ஒரு வாரம் விடுபடும். அடுத்த வாரம் பார்த்தால் பாதி புரியாது. மூன்றாவது வாரம் அந்த நேரத்துக்கு வேறு வேலை வந்துவிடும். பெரிய பெரிய கட்டுரைகளில் திட்டி எழுதுகிறவர்கள் எல்லாம் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். போனவர்கள் எதுவும் எழுதவில்லை. ஆகவே ஏன் போனார்கள் என்று திட்டுகிறவர்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

சரி, வழக்கம் எதனால் விட்டுப்போகிறது?

முதல் காரணம் நேரம். கதையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ரசிகர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அசல் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சீசனோடு நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு வந்ததும் ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதி என்பிசியை மூழ்கடித்தார்கள். 1968 மார்ச்சில் சேனலே திரையில் அறிவிப்புப் போட்டது, தொடர் தொடரும் என்று. ரசிகர்கள் ஜெயித்துவிட்டதாக இந்தக் கதையை இன்றும் சொல்வார்கள். ஆனால் மூன்றாவது சீசனுக்குக் கொடுத்த நேரம் எது தெரியுமா? திங்கட்கிழமை இரவு ஏழரை என்று பேச்சு நடந்து, கடைசியில் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணியில் கொண்டுபோய் வைத்தார்கள். பட்ஜெட்டையும் குறைத்தார்கள். ராடன்பெரியும் அன்றாட வேலையில் இருந்து ஒதுங்கிக்கொண்டார். இந்தத் தொடரைப் பார்த்தவர்களில் பெரிய பங்கு கல்லூரிப் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளும். வெள்ளி இரவு பத்து மணிக்குக் கல்லூரிப் பையன் வீட்டில் இருக்க மாட்டான், பள்ளிப் பையன் தூங்கியிருப்பான். அடுத்த வருடம் கதை முடிந்தது.

நம் வீடுகளில் இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி சீரியலை மதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்றால் அது முடியப்போகிறது என்று பாட்டி சொல்லிவிடுவார்.

இன்னும் வேடிக்கை, 2004-ல் 'எண்டர்பிரைஸ்' தொடரையும் புதன்கிழமையில் இருந்து தூக்கி வெள்ளிக்கிழமைக்குத்தான் மாற்றினார்கள். முப்பத்தாறு வருடத்துக்கு அப்புறமும் அதே வெள்ளிக்கிழமை.

இது ஸ்டார் ட்ரெக்குக்கு மட்டும்தானா? டாக்டர் ஹூவுக்கும் இப்படி ஆனதே?

டாக்டர் ஹூ, டாக்டர் என்ற நாயகனைச் சுற்றி ஓடுகிற பிரிட்டிஷ் விண்வெளித் தொடர், இதைவிடத் தெளிவான உதாரணம். பிபிசி 1963 நவம்பரில் தொடங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் என்றால் டாக்டர் ஹூ என்று பிரிட்டனில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 1982-ல் அதை வார நாட்களுக்கு மாற்றினார்கள். பிறகு சனிக்கிழமைக்கே கொண்டுவந்து, 1985-ல் பதினெட்டு மாதம் இடைவெளி விட்டார்கள். திரும்பி வந்ததை 1987-ல் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' ஓடுகிற நேரத்துக்கு எதிரே வைத்தார்கள். அது அந்த நாட்டின் மிகப் பெரிய குடும்ப சீரியல். 1989 சீசன் தொடங்கிய எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 31 லட்சம். அந்த வருடமே நிறுத்தப்பட்டது.

கடைசி இரண்டு சீசன்களின் கதைகள் நன்றாகவே இருந்தன என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் நல்ல கதை வந்திருக்கிறது என்று தெரிய, முதலில் டிவி அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டுமே.

அப்படியானால் கதையில் குற்றமே இல்லையா?

உண்டு. அதுவும் ஒரேயடியாகக் கெட்டுப்போன குற்றம் என்றால் கண்டுபிடித்துத் திருத்தலாம். இங்கே நடந்தது வேறு, எல்லாமே சுமாராக நன்றாக இருந்தது.

ஸ்டார் ட்ரெக் 1987-ல் இருந்து 2005 வரை இடைவிடாமல் ஓடியது. நான்கு தொடர், 25 சீசன், 600-க்கும் மேற்பட்ட எபிசோடு. 1993-ல் இருந்து 1999 வரை பெரும்பாலான காலம் ஒரே சமயத்தில் இரண்டு தொடர்கள் ஓடின. நடுவில் சினிமாக்கள் வேறு. தயாரிப்பில் தலைமையாக இருந்தவர் பெரும்பாலும் ரிக் பெர்மன். எழுதியவர்கள், இசை போட்டவர்கள், செட் போட்டவர்கள் பலரும் ஒரு தொடரில் இருந்து அடுத்ததற்கு வந்தவர்கள். கைதேர்ந்தவர்கள்தான். அதனால்தான் ஆபத்து. கப்பல் எந்த நிமிடத்தில் குலுங்கும், எந்த இடத்தில் இன்ஜினியர் வாயில் நுழையாத ஏதோ ஒரு கருவியின் பெயரைச் சொல்லிக் காப்பாற்றுவார் என்று பார்க்கிறவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

எங்கள் கரையில் வருடா வருடம் ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் கையில் காசு இருக்காது, கேபிள் வசூலும் நடக்காது, எல்லோருக்கும் கடுப்புதான். ஆனாலும் விடாமல் மடிவலை இழுத்துக்கொண்டே இருந்தால் மீன் எங்கே இருக்கும் என்று கேட்டால் எந்த மீனவரும் பதில் சொல்லிவிடுவார். ஸ்டார் ட்ரெக்குக்குப் பதினெட்டு வருடம் தடைக்காலமே கிடையாது.

அலுத்துப்போனது தொடரில் மட்டும் தெரியவில்லை. 2002 டிசம்பரில் 'நெமசிஸ்' என்ற படம் வந்தது. 6 கோடி டாலர் செலவு. உலகம் முழுக்க 6.7 கோடி டாலர்தான் வசூல். அது வந்து ஐந்தாவது நாளே 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இரண்டாம் பாகம் வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் சொந்த ரசிகர்களே முதல் வாரம் போகாத படத்துக்கு அடுத்த வாரத்தைக் குறை சொல்ல முடியாது.

'எண்டர்பிரைஸ்' நான்காவது சீசன் பிரமாதம் என்கிறார்கள். பிறகு ஏன் நின்றது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

2001 செப்டம்பர் 26 அன்று முதல் எபிசோடை அமெரிக்காவில் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். நான்காவது சீசனில் வாரா வாரம் பார்த்தவர்கள் சுமார் 30 லட்சம். நடுவில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. தலைப்பில் வெறும் 'எண்டர்பிரைஸ்' என்று இருந்ததை மூன்றாவது சீசனில் 'ஸ்டார் ட்ரெக்: எண்டர்பிரைஸ்' என்று மாற்றினார்கள். அந்தச் சீசன் முழுவதையும் ஒரே கதையாக ஓட்டினார்கள். நான்காவதில் மேனி கோட்டோ என்பவர் பொறுப்பெடுத்து, இரண்டு மூன்று எபிசோடுகளில் முடிகிற கதைகளாகச் செய்தார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. 2005 பிப்ரவரியில் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள்.

தொடர் நன்றாகிவிட்டது என்று போனவனுக்கு யார் சொல்வது? அவன் விளம்பரம் பார்ப்பதும் அந்தச் சேனலில்தான், அந்தச் சேனலையே அவன் வைப்பதில்லை. யூபிஎன் என்ற அந்தச் சேனல் அமெரிக்காவின் எல்லா ஊர்களிலும் ஒழுங்காகக் கிடைத்ததும் இல்லை. 2006-ல் சேனலே மூடப்பட்டது. இருந்தவர்களை மகிழ்விக்கிற சீசன் அது. போனவர்களைக் கூட்டிவர அதனால் முடியவில்லை.

கடைசி எபிசோடைப் பற்றி ஒரு வார்த்தை. தன் சொந்தக் கதையை முடிக்க வேண்டிய இடத்தில் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஆட்களைக் கொண்டுவந்து, அவர்கள் பார்க்கிற பழைய சரித்திரமாக இந்தக் கப்பலின் முடிவைக் காட்டினார்கள். நான்கு வருடம் கூட வந்தவனுக்குச் செய்கிற மரியாதையா இது? இன்றைக்கும் ஆறவில்லை.

பழைய பாத்திரங்களைத் திரும்பக் கொண்டுவந்தால் பழைய ஆட்களும் வருவார்கள்தானே?

வருவார்கள், கொஞ்ச நாளைக்கு. 2020-ல் வந்த 'பிக்கார்ட்' அப்படித்தான் பேசப்பட்டது. மூன்றாவது சீசனில் பழைய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' குழுவினர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் அண்ணன் மகளுக்கு அது வயதானவர்கள் சீட்டாடுகிற காட்சி. அவளுக்குப் புரிய வேண்டுமென்றால் ஏழு சீசனும் நான்கு படமும் பார்த்துவிட்டு வர வேண்டும். டிவி பார்க்க யாராவது வீட்டுப்பாடம் செய்வார்களா?

அசல் தொடரில் நடுவில் எந்த எபிசோடைப் போட்டாலும் ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். மறுஒளிபரப்பில் கூட்டம் சேர்ந்ததற்கு இதுதான் காரணம். நேற்றுப் பார்க்காதவனும் இன்று உட்காரலாம். வயதானவர்கள் விட்டுப்போவது எந்தத் தொடருக்கும் இயற்கை, அந்த இடத்துக்குச் சின்னவர்கள் வர வேண்டும். அந்தச் சின்னவர்களுக்கென்று 2021-ல் 'பிராடிஜி' என்ற நல்ல அனிமேஷன் தொடரை எடுத்தார்கள். 2023-ல் அதைத் தங்கள் தளமான பாரமவுண்ட் பிளஸில் இருந்தே தூக்கிவிட்டார்கள். பிறகு நெட்ஃபிளிக்ஸ் வாங்கி இரண்டாவது சீசனைப் போட்டது. வரவேண்டிய பிள்ளைகள் நுழைகிற கதவை வீட்டுக்காரரே பூட்டிய கதை இது.

என் காக்கா (அண்ணன்) துபாயில் இருந்து நெட்ஃபிளிக்ஸ் கணக்குக் கொடுத்தார், டிஸ்கவரி பார்த்தேன். திடீரென்று காணாமல் போய்விட்டதே, ஏன்? (கீழக்கரைத் தம்பி ஒருவர்)

அமெரிக்காவிலும் கனடாவிலும் தவிர மற்ற நாடுகளில் 'டிஸ்கவரி' நெட்ஃபிளிக்ஸில் இருந்தது. 2021 நவம்பரில், நான்காவது சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, எடுத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். உரிமையைத் திரும்ப வாங்கி எல்லாவற்றையும் தங்கள் தளமான பாரமவுண்ட் பிளஸில் வைத்துக்கொள்ளும் திட்டம். அந்தத் தளம் அப்போது பல நாடுகளில் இல்லவே இல்லை. 'பிக்கார்ட்' இன்னொரு பக்கம், அமேசான் பிரைமில். ஒரே உலகத்துக் கதை, ஆளுக்கொரு கடையில்.

அப்புறம் 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் கணக்கைப் பகிர்வதைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டுக் காக்காவின் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த பாதி ஊர் அதோடு வேறு வழி தேடிக்கொண்டது. இது ஸ்டார் ட்ரெக்குக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை, ஆனால் ஏற்கெனவே நூல் மாதிரி இருந்த தொடர்பு இப்படித்தான் அறுந்தது. தேடிப்பிடித்துப் பார்க்கிறவன் எப்போதும் கொஞ்சம் பேர்தான்.

பெண் கேப்டன், கறுப்பினக் கேப்டன் என்று போட்டதால்தான் சரிந்தது என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?

வருடங்களைப் பார்த்தால் போதும். 1966-லேயே கப்பலின் மேல்தளத்தில் கறுப்பினப் பெண் உஹுராவும் ஆசிய முகமான சூலுவும் இருந்தார்கள். டீப் ஸ்பேஸ் நைனில் கறுப்பினத் தலைவர் சிஸ்கோ, ஏவரி புரூக்ஸ் நடித்தது, ஏழு சீசன். வாயேஜரில் பெண் கேப்டன் ஜேன்வே, கேட் மல்க்ரூ நடித்தது, அதுவும் ஏழு சீசன். பாதியில் நின்ற 'எண்டர்பிரைஸ்' கேப்டன் ஒரு வெள்ளைக்கார ஆண். அந்த வாதத்தை இதற்கு மேல் நீட்ட எனக்கு விருப்பமில்லை.

டிஸ்கவரியின் எழுத்தில் குறை உண்டு. ஒவ்வொரு சீசனிலும் பிரபஞ்சமே அழியப்போகிறது என்றால் நான்காவது முறை யாருக்கும் பயம் வராது. அந்தக் குறையை எழுத்தின் கணக்கில் வைக்க வேண்டும்.

எண்ணிக்கை குறைந்தால் தொடர் மோசம் என்றுதானே அர்த்தம்?

எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. டாக்டர் ஹூவின் சரித்திரத்திலேயே அதிகம் பேர் பார்த்த எபிசோடு 1979 அக்டோபரில் வந்தது, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். அது நல்ல கதைதான். ஆனால் அந்தச் சமயம் போட்டிச் சேனலான ஐடிவி வேலைநிறுத்தத்தில் முடங்கிக் கிடந்தது. பார்க்க வேறு என்ன இருந்தது?

எங்கள் கரையிலும் அப்படி ஒரு காலம் உண்டு. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் இரும்புக் குழாயை உயர நட்டு, ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பி, பூஸ்டர் போட்டுப் பார்த்தார்கள். சிங்களம் புரியாவிட்டாலும் உட்கார்ந்து பார்த்தார்கள். பிற்பாடு ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியது, கேபிள் வந்தது, ஆண்டெனாக்கள் இறங்கின. ரூபவாஹினி மோசமாகிவிட்டதாலா? கையில் வேறு சேனல் வந்துவிட்டது. 1987-க்கும் 2005-க்கும் நடுவே அமெரிக்க வீடுகளிலும் இதேதான் நடந்தது. சேனல்கள் நூறைத் தாண்டின, டிவிடி வந்தது, இன்டர்நெட் வந்தது. அந்தச் சரிவில் எவ்வளவு பங்கு தொடருடையது, எவ்வளவு காலத்துடையது என்று பிரிக்காமல் பேசுவது நியாயம் ஆகாது. ஆனால் அதே காலத்தில் வளர்ந்த தொடர்களும் உண்டு என்பதால் முழுப் பழியையும் காலத்தின் மேல் போடவும் முடியாது.

கொஞ்ச வருடம் ஓய்வு கொடுத்தால் திரும்பி வருவார்களா?

ஓய்வு மட்டும் போதாது. டாக்டர் ஹூ 1989-க்குப் பிறகு 1996-ல் ஒரு டிவி படத்தோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அந்தப் படம் முதல் காட்சியிலேயே பழைய டாக்டர், பழைய எதிரி, பழைய விதிகள் என்று ஆரம்பித்தது. தொடராக வளரவில்லை. 2005 மார்ச் 26-ல் ரஸ்ஸல் டி டேவிஸ் மறுபடி தொடங்கியபோது, கதை கடையில் வேலை பார்க்கிற ரோஸ் என்ற பெண்ணிடம் ஆரம்பித்தது. டாக்டர் யார் என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் நாளே 1 கோடிக்கும் மேல் பார்த்தார்கள். 2009-ல் ஜே. ஜே. ஆப்ரம்ஸ் எடுத்த ஸ்டார் ட்ரெக் படமும் கர்க்கை இளைஞனாக்கி முதலில் இருந்து தொடங்கியது, 38 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தீவிர ரசிகர்கள் சிலர் அதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை என்பது வேறு விஷயம்.

தமிழில் இப்படி நீண்ட விண்வெளித் தொடர் வருமா?

செலவுக் கணக்கு உதைக்கும். தினசரி சீரியல் ஓட்டுகிற காசில் விண்கப்பலின் கதவைக்கூடச் செய்ய முடியாது.

இப்போது பார்க்கத் தொடங்க வேண்டுமென்றால் எதில்?

'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்', 2022-ல் வந்தது. பெரும்பாலும் வாரம் ஒரு கதை, முன்கதை தெரியாமலே ஒட்டிக்கொள்ளலாம். ஐந்தாவது சீசனோடு முடிப்பதாக அறிவித்துவிட்டார்கள், அதனால் முடிவில்லாமல் போகுமோ என்ற கவலையும் வேண்டாம். அது பிடித்தால் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மூன்றாவது சீசனில் இருந்து. முதல் சீசனில் தொடங்காதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். இரண்டாவதில் நல்லது சிலதுதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இன்னொன்றும் உண்டு: கிழமையையும் நேரத்தையும் முடிவு பண்ணிக்கொண்டு இரண்டு பேராகப் பாருங்கள். தனியாக எட்டு எபிசோடு ஒரே ராத்திரியில் பார்த்த எவனும் ஒன்பதாவதுக்கு வந்து நான் பார்த்ததில்லை.